எங்களைக் கொஞ்ச காலம் மாணவர்களாக இருக்க விடுங்கள்

எங்களை இறையியல் கல்லூரிக்கு அனுப்பிவைத்த சபையாருக்கும், மூப்பர்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், எங்கள் படிப்புக்காக மாதந்தோறும் பணம் எடுத்துவைக்கிற குடும்பங்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்டது. பதிவு முடிந்தது, விடுதியில் அறை பிரித்தாயிற்று, கால அட்டவணையும் ஒட்டிவிட்டார்கள். எந்த நாளில் யார் காலை ஆராதனை நடத்துவது, யாருக்கு எங்கே களப்பணி என்பதெல்லாம் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். கட்டுரைகளும் தேர்வுகளும் சூழ்ந்துகொள்வதற்கு முன்னால் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். நான் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறேன். ஆனால் இதை எனக்காக மட்டும் எழுதவில்லை. இந்த வாரம் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்காகவும்தான், சொல்லப்போனால் அவர்களுக்காகத்தான் அதிகம்.

கேட்பது ஒன்றுதான். படிப்பு முடிவதற்குள் எங்களைப் போதகர்களாக்கிவிடாதீர்கள்.

என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாளே எங்களை 'பாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பிக்கிறீர்கள். முந்தின வாரம்வரை வாலிபர் கூட்டத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையிடம் வயதானவர்கள் தலைகுனிந்து ஜெபம் கேட்கிறார்கள். முதல் பருவம் முடிந்து வருவதற்குள் அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன. உபவாசக் கூட்டத்தில் செய்தி, வாலிபர் முகாமில் இரண்டு வகுப்பு, ஞாயிறு காலை ஆராதனையில் பிரசங்கம், மாலையில் ஒரு வீட்டு ஜெபம். திங்கட்கிழமை முதல் வகுப்பு கிரேக்க இலக்கணம். அங்கே போய் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கும், குடும்பத்தோடு வந்து படிக்கிறவர்களுக்கும் இது இன்னும் கடினம். அன்பினால்தான் கூப்பிடுகிறீர்கள், அதில் சந்தேகமே இல்லை. அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இந்த வேண்டுகோள் புதிதுமல்ல. கி.பி. 391-ல் ஒருவர் இதையே கேட்டு எழுதியிருக்கிறார்.

இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ என்ற துறைமுகப் பட்டணத்துக்கு அந்த ஆண்டு அகுஸ்தீன் வந்தார். முன்பு மிலான் நகரத்தில் சொற்பொழிவுக் கலையின் பேராசிரியராக இருந்தவர். ஞானஸ்நானம் பெற்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அமைதியாக ஒரு துறவறக் குழுவாக வாழ்வதுதான் அவருடைய ஆசை. ஹிப்போவின் ஆயர் வலேரியுஸ் பிறப்பால் கிரேக்கர், லத்தீனில் சரளமாகப் பிரசங்கிக்க முடியாதவர். தனக்கு உதவியாக ஒரு குரு வேண்டும் என்று ஆலயத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் நின்ற அகுஸ்தீனை ஜனங்கள் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவர் அழுதார். அதற்கு சிலர் சொன்ன ஆறுதல் இருக்கிறதே! ஆயர் பட்டம் கிடைக்காமல் வெறும் குருப்பட்டம் கிடைத்ததால்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, 'கவலைப்படாதீர்கள், அதுவும் சீக்கிரம் வரும்' என்றார்களாம். சபையார் ஆறுதல் சொல்லும் விதம் பதினாறு நூற்றாண்டுகளில் பெரிதாக மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கொஞ்ச நாளில் அகுஸ்தீன் தன் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் கிடைக்கிறது. வேதத்தைப் படிக்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும், ஈஸ்டர் வரைக்குமாவது விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்தக் காலத்து லத்தீன் உலகத்தில் பேச்சுத் திறமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மேடை பயமும் கிடையாது. பேசத் தெரிவது ஒன்று, ஜனங்களுடைய ஆத்துமாவுக்குப் பொறுப்பேற்பது வேறொன்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். பிற்பாடு அவர் செய்த பிரசங்கங்களில் 500-க்கும் மேற்பட்டவை இன்றுவரை பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்டவரே முதலில் அவகாசம் கேட்டார். நாங்கள் கேட்டால் 'சாக்குச் சொல்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அம்புரோஸின் கதை இதைவிட விசித்திரம். 374-ல் மிலான் நகர ஆயராக ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மாகாண ஆளுநர். ஞானஸ்நானமே பெறாதவர். சில நாள் இடைவெளியில் ஞானஸ்நானமும் ஆயர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்பிக்க வேண்டியதாயிற்று என்று அவரே பின்னாளில் எழுதிவைத்தார். 'பார், அவரும் படிக்காமல்தானே பெரிய ஆயரானார்' என்று இதைத் திருப்பிச் சொல்லக்கூடியவர்கள் உங்களில் இருக்கலாம். ஆனார்தான். ஆனால் அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லையே.

சரி, படிப்பு படிப்பு என்கிறாயே, அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்கள் இதை உங்களுக்குச் சரியாகச் சொல்வதே இல்லை. விடுமுறைக்கு வந்தால் 'நல்லா போகுது, ஜெபிச்சுக்கோங்க' என்று முடித்துவிடுகிறோம்.

முதலில் மொழிகள். எபிரேயத்தை வலமிருந்து இடமாக, குழந்தையைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குகிறோம். பத்து வசனத்தை ஒரே மூச்சில் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் ஒரு வசனத்தோடு ஒரு மாலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டுகிறார். அது நல்லதுதான். வேகமாகப் படித்தே பழகிய கண்ணுக்கு, மெதுவாகப் போக ஒரு கட்டாயம் தேவைப்படுகிறது.

அப்புறம் கேள்விகள். இதைப் பற்றித்தான் உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் படைப்பு இரண்டு விதமான வரிசையில் சொல்லப்படுவதை முதல் முறையாக நிதானமாகக் கவனிக்கிறோம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்ற வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை என்று வகுப்பில் கேட்கிறோம். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள் என்பதும், 88ஆம் சங்கீதம் துதியில்லாமலே முடிந்துவிடுகிறது என்பதும் அதற்கு முன்னும் கண்ணில் பட்டிருக்க வேண்டியவைதான். ஆனால் பாடிப் பாடிப் பழகிய இடங்களுக்கு வெளியே நாங்கள் போனதில்லை.

இதையெல்லாம் ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லும்போது சபையில் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'இறையியல் கல்லூரிக்குப் போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும்' என்ற பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. விசுவாசத்தை இழந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாதி வழியில் இருக்கிற ஒருவரிடம் முடிவான பதிலைக் கேட்டு வற்புறுத்தினால், அவர் செய்யக்கூடியது இரண்டுதான். ஒன்று, வாயை மூடிக்கொள்வார். இல்லையென்றால் தனக்கே நிச்சயமில்லாததை உரத்த குரலில் பிரசங்கிக்கக் கற்றுக்கொள்வார். பின்னது மிகவும் ஆபத்து. அப்படி ஒரு பழக்கம் இந்த வயதில் படிந்துவிட்டால் குருப்பட்டம் வாங்கி இருபது வருடம் ஆனாலும் போகாது. கேள்வியோடு வருகிற மாணவனிடம் 'அதைப் பற்றி உன் ஆசிரியர் என்ன சொன்னார், நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு மூப்பர் சபைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

விடுதி வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். அங்கேயும் பாடம் நடக்கிறது, அதற்கு மதிப்பெண் கிடையாது என்பது மட்டும்தான் வித்தியாசம். வேறு வேறு சபைப் பின்னணி, வேறு வேறு ஜெப வழக்கம் உள்ளவர்கள் ஒரே அறையில். ஒருவர் விடியற்காலையில் சத்தமாக ஜெபிப்பவர், இன்னொருவர் நள்ளிரவுவரை படிப்பவர். ஆண்டின் முதல் இரண்டு வாரம் எல்லாரும் பரிசுத்தவான்கள். மூன்றாம் வாரத்தில் தெரிந்துவிடும்.

1935-ல் ஜெர்மனியில், நாசி அரசுக்கு இணங்க மறுத்த திருச்சபையினர் தங்கள் போதகர்களுக்காக ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கினார்கள். அது ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் நடந்தது, டீட்ரிக் போன்ஹோஃபர் அதன் தலைவர். வந்தவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து முடித்தவர்கள். அவர்களைத் தினமும் காலையில் அரை மணி நேரம், ஒரு சிறிய வேதபகுதியோடு மௌனமாக உட்காரச் சொன்னார். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கக் கூடாது. பலர் திணறினார்கள். வெளியில் இருந்தவர்களோ, இதில் மடத்தின் வாடை அடிக்கிறது என்று குறை சொன்னார்கள். இன்னொரு விதியும் இருந்தது. உடன் மாணவர் ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால், பேசியதை அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். 1937-ல் ரகசியப் போலீஸ் அந்த இடத்தை மூடியது. அங்கே படித்தவர்களில் பலர் கைதானார்கள்.

அந்த மௌனத்துக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி எங்கள் கல்லூரிகளிலும் சொல்கிறார்கள்தான். ஆனால் வார இறுதிக்கு மூன்று செய்தி தயார் செய்ய வேண்டியவன் வேதத்தைத் திறந்ததுமே 'இதில் மூன்று குறிப்பு தேறுமா' என்றுதான் பார்ப்பான். தனக்காகப் படிப்பது மெல்ல மெல்ல நின்றுபோகிறது, அதுவும் அவனுக்கே தெரியாமல். இரண்டாவது விதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை விடுதியில் மட்டுமல்ல, கமிட்டிக் கூட்டத்திலும் ஒரு மாதம் பரிசோதித்துப் பார்க்கலாம்.

களப்பணி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. போய்ப் பிரசங்கம் செய்து பழகுவதுதான் களப்பணி என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகர மனநல மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் போதகராக (சாப்ளின்) இருந்தவர் அன்டன் பாய்சன். அவரே முன்பு மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925-ல் இறையியல் மாணவர் நால்வரை அங்கே வரவழைத்தார். அவர்கள் பகலில் வார்டு உதவியாளர்களாக வேலை செய்தார்கள், மாலையில் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் பேசினார்கள். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதர்களையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். போதகர் பயிற்சியில் இன்று மருத்துவமனைக் களப்பணி என்று ஒன்று இருப்பதற்கு அந்தக் கோடைகாலம் ஒரு முக்கியத் தொடக்கம்.

இந்தப் பயிற்சியில் எங்களுக்கு வைக்கப்படும் சோதனை கொஞ்சம் வேறு மாதிரி. வலியில் இருக்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உடனே ஒரு வசனத்தை எடுத்து நீட்டாமல் இருக்க முடியுமா? சந்திப்பு முடிந்ததும் நடந்த உரையாடலை நினைவிலிருந்து எழுதிக் குழுவில் வைக்கிறோம். நோயாளி தன் பயத்தைச் சொல்ல வாயெடுத்த இடத்தில் நாம் ஜெபத்தைத் தொடங்கி அதை அடைத்துவிட்டோம் என்பது எழுதும்போதுதான் தெரியவரும். பிரசங்கத்தில் தடுமாறினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இது அப்படியல்ல, பல நாள் கூடவே வரும்.

ஆகவே எங்களை ஆதரிக்கும் அன்பர்களே, ஒரு சின்ன விண்ணப்பம். மாத அறிக்கையில் 'எத்தனை கூட்டம், எத்தனை ஆத்துமாக்கள்' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதை நிரப்புவதற்காகவே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முதியவரோடு ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

எங்களோடு படிக்கும் பெண்களைப் பற்றி நான் எழுதாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். எங்களுக்கு இருக்கும் சிக்கல் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு. அவர்களில் பலருக்கு எந்த எதிர்பார்ப்புமே இல்லை என்பதுதான் சிக்கல். 'படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்' என்று கேட்கும் அதே வாய், எங்களை 'பாஸ்டர்' என்று அழைக்கிறது. அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன், ஆவியில் அனல் உள்ளவன். எபேசுவின் ஜெப ஆலயத்தில் தைரியமாய்ப் பேசுகிறான். இன்றைய சபையாக இருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அவனுடைய நாட்குறிப்பு நிரம்பியிருக்கும். ஆனால் பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் அவன் பேச்சைக் கேட்டுவிட்டு, அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். மேடையில் திருத்தி அவமானப்படுத்தவில்லை, திறமை இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடவும் இல்லை. அந்த ஆசிரியர்களில் ஒருவர் பெண் என்பதை நாம் ஏன் இவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறோம்?

இன்னொன்று. இதை எந்தச் சபையும் கேட்க விரும்பாது. இந்த ஆண்டு தொடங்கியவர்களில் சிலர், ஊழிய அழைப்பு என்று தாங்கள் நினைத்தது அதுவல்ல என்று கண்டுகொள்வார்கள். அது பயிற்சியின் தோல்வி இல்லை. பயிற்சி இருப்பதே ஓரளவு அதற்காகத்தான். ஆனால் திரும்பி வருகிறவரை நாம் எப்படி வரவேற்கிறோம்? கலப்பையின்மேல் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்ற வசனம் தயாராக இருக்கிறது. கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்குச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை ஒரு படிப்பை விடுவதற்குப் பொருத்துகிறோம். ஆசிரியராகவோ செவிலியராகவோ கணக்கராகவோ போய் கிறிஸ்துவைப் பின்பற்ற முடியாது என்று யார் சொன்னது? இந்தப் பயத்தினாலேயே, மனசில்லாமல் படிப்பை முடித்து, மனசில்லாமல் பட்டம் பெற்று, கடைசியில் ஒரு சபையே சுமக்க வேண்டிய பாரமாக ஆகிவிடுகிறவர்கள் உண்டு. ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே, அதாவது அவசரப்பட்டு ஊழியத்துக்கு நியமிக்காதே, என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது எங்களைத் தள்ளிவைப்பதற்காக அல்ல. எங்களையும் உங்களையும் காப்பாற்றுவதற்காக.

பணத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனாலும், வாக்களித்த உதவி ஆண்டுத் தொடக்கத்தில் வந்தால் பெரிய நிம்மதி. கட்டணம் கேட்டுப் பெயர் வாசிக்கப்படும்போது எழுந்து நிற்கிற மாணவனுக்கு அன்றைய திருச்சபை வரலாறு வகுப்பு காதில் விழாது. குடும்பத்தோடு வந்திருப்பவர்களை விசாரிக்கும்போது, படிக்கிறவரை மட்டும் விசாரிக்காதீர்கள். தன் வேலையை விட்டுவிட்டு வந்த துணையும், பாதியில் பள்ளி மாறிய பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இரண்டு பருவமும் முடியும்வரை எந்தப் பிரசங்க அழைப்பும் வேண்டாம். மற்றவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு போதும், அதுவும் போதகர் கூடவே இருந்து, பிறகு உட்கார்ந்து குறைநிறை சொல்வதாக இருந்தால். விடுமுறையில் முதல் இரண்டு ஞாயிறு நாங்கள் சபையில் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்க அனுமதியுங்கள். 'வந்திருக்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லட்டும்' என்று திடீரென்று ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசிவிட்டு, ஒத்துக்கொள்ள முடியாததை எழுதி அனுப்புங்கள். விடுதி முகவரிக்கு அனுப்பினால் கைக்கு வந்துவிடும். முதல் பருவத் தேர்வுக்கு முன்னால் வந்தால், எங்கள் களப்பணி ஆசிரியரையும் வைத்துக்கொண்டு பேசி, அடுத்த விடுமுறைக்கான நாட்களை இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

உங்கள் ஜெபங்களுக்கு நன்றியுடன்,
இரண்டாம் ஆண்டு இறையியல் மாணவன்